குழப்படிக்காரப் பிள்ளையா, உதவி தேவைப்படும் பிள்ளையா?

பாடசாலையிலிருந்து கடிதம் வருகிறது. பிள்ளை வகுப்பில் ஓரிடத்தில் இருப்பதில்லை, கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறான், மற்றப் பிள்ளைகளின் வேலையைக் குழப்புகிறான், ஒருமுறை மதிப்பீடு செய்து பார்த்தால் நல்லது என்று எழுதியிருக்கிறது. "ரெண்டு அடி போட்டால் எல்லாம் சரியாகும்" என்கிறார் அப்பப்பா. "இந்த நாட்டிலை எல்லாத்துக்கும் ஒரு வருத்தத்தின்ரை பேர் வைச்சிருக்கினம்" என்கிறார் அப்பா. அம்மா எதுவும் சொல்வதில்லை. தன் வளர்ப்பில்தான் பிழை என்று நினைத்துக்கொள்கிறார். கடிதம் லாச்சிக்குள் போகிறது.

புலம்பெயர்ந்த எமது வீடுகள் பலவற்றில் நடப்பது இதுதான். அந்தக் கடிதம் லாச்சிக்குள் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு இழப்பு.

ஓடுவதும் ஏறுவதும் ஓயாமல் கதைப்பதும் சிறுவர்களின் இயல்பு. நான்கு வயதுப் பிள்ளை சோபாவில் துள்ளுவதற்காக யாரும் வைத்தியரிடம் ஓடத் தேவையில்லை. ஆனால் சில பிள்ளைகளால், தாங்களே விரும்பினாலும், உடலையும் அவதானத்தையும் அடக்கி வைக்க முடிவதில்லை. இதைத்தான் அவதானக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு என்கிறார்கள். பிரித்தானியா, கனடா, நோர்வே போன்ற நாடுகளில் ஏ.டி.எச்.டி. என்றும், ஜேர்மனியிலும் சுவிஸின் ஜேர்மன் மொழிப் பகுதியிலும் ஏ.டி.எச்.எஸ். என்றும், பிரான்சில் ரி.டி.ஏ.எச். என்றும் கடிதங்களில் வருவது இதே குறைபாடுதான். உலகளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது.

இதை எப்படிப் பிரித்தறிவது? அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, அவதானக்குறைவுக்கு 9 அறிகுறிகளும், மிகைச்செயற்பாட்டுக்கும் யோசிக்காமல் செயற்படுவதற்கும் சேர்த்து 9 அறிகுறிகளும் உள்ளன. இவ்விரு பட்டியல்களில் ஒன்றிலாவது 6 அறிகுறிகள், குறைந்தது 6 மாதங்களாக, வயதுக்கு மீறிய அளவில் இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பாடசாலை என இரண்டு இடங்களிலாவது அவை தெரிய வேண்டும். பிள்ளையின் படிப்பையோ பழக்கவழக்கத்தையோ பாதிக்கவும் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் குழப்படி என்றால், காரணத்தை முதலில் அந்த இடத்தில் தேடுவதே சரி.

எல்லோரும் துள்ளித் திரிவதும் இல்லை. யன்னலைப் பார்த்தபடி இருப்பது, கொப்பியைத் தொலைப்பது, தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுவது என்று சத்தமில்லாமல் தவிக்கும் பிள்ளைகளும் உண்டு. பெண்பிள்ளைகள் பலர் இப்படித்தான் கவனிக்கப்படாமல் விடப்படுகிறார்கள்.

இது இந்தக் காலத்து வருத்தமும் அல்ல. 1840களில் பிராங்போர்ட் வைத்தியர் ஹைன்ரிக் ஹொப்மன் எழுதிய சிறுவர் நூலில், சாப்பாட்டு மேசையில் கதிரையை ஆட்டி ஆட்டி, மேசை விரிப்போடு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு விழும் பிலிப் என்ற சிறுவன் வருகிறான். 1902இல் இலண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற சிறுவர் வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரைகளே நிகழ்த்தினார். ஊரிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். ஓடித் திரிய வளவு இருந்தது, அடியும் இருந்தது. "படிப்பு ஏறாது" என்று ஒதுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் இவர்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

காரணம் வளர்ப்பு அல்ல. பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இரட்டையர்களிடம் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இப்பிள்ளைகளின் மூளைப் புறணி முதிர்வதற்குச் சராசரியாக மூன்று ஆண்டுகள் பிந்துவதைக் கண்டது. அவதானத்தையும் செயலையும் கட்டுப்படுத்தும் முன்பகுதியில் இந்தப் பிந்துதல் கூடுதலாக இருந்தது. சீனி சாப்பிடுவதால் இது வருவதில்லை. இரண்டு மொழி பேசுவதாலும் வருவதில்லை. ஆகவே இதற்காக வீட்டில் தமிழை நிறுத்தத் தேவையில்லை.

அதேவேளை, இதைப்போலவே தோன்றும் வேறு காரணங்களும் உண்டு. காது சரியாகக் கேட்காமை, குறட்டையால் கெடும் நித்திரை, வகுப்பு மொழி விளங்காமை, மனப்பதற்றம் என்பன அவற்றுட் சில. போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்த வீடுகளில், அகதி வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும் வீடுகளில், பெரியவர்களின் பயம் பிள்ளையின் உடலில் அமைதியின்மையாக வெளிப்படலாம். இதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். மொழி போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறைகளைத் தன் வாயாலேயே சொல்லும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

மதிப்பீட்டுக்குச் சம்மதித்தால் உடனே மாத்திரை தருவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. பிரித்தானிய வழிகாட்டலின்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முதலில் தருவது பெற்றோருக்கான பயிற்சியே. அதற்கு மேற்பட்டோருக்கும் வீட்டிலும் வகுப்பிலும் மாற்றங்கள் செய்த பின்னும் சிரமம் தொடர்ந்தால்தான் மருந்து. கூடுதலாகப் பயன்படும் மெதில்பெனிடேற் 1944இல் சுவிஸின் பாசல் நகரில் உருவாக்கப்பட்டது. அது நித்திரை மருந்து அல்ல, நரம்புத் தூண்டி. பலருக்குப் பயன் தருகிறது. பசி குறைதல், நித்திரை வரத் தாமதமாதல் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. அதனால் உயரம், நிறை, இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒழுங்காகப் பார்ப்பார்கள். வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. "பல்லைத் தீட்டி, உடுப்பை மாத்தி, பையை எடுத்துக்கொண்டு கெதியா வா" என்பது ஒரு வசனத்தில் நான்கு கட்டளை. பக்கத்தில் போய், முகத்தைப் பார்த்து, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அது முடிந்ததும் அடுத்தது. வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, இடையில் ஓட விடுங்கள். செய்ய வேண்டியவற்றைப் படமாக வரைந்து கதவில் ஒட்டுங்கள். நல்லதைச் செய்தால் அந்தக் கணத்திலேயே பாராட்டுங்கள். விருந்தினர் முன் அவன் குறைகளைக் கதைக்காதீர்கள்.

இப்பிள்ளைகள் காலையில் எழும்பியது முதல் படுக்கும் வரை கேட்பது ஏச்சுத்தான். வீட்டில், வகுப்பில், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில், கலியாண மண்டபத்தில் எல்லா இடத்திலும் அதே சொல். சில வருடங்களில் "நான் கூடாத பிள்ளை" என்று அவர்களே நம்பிவிடுகிறார்கள். மாற்ற மிகக் கடினமானது அந்த நம்பிக்கைதான். அது வேர் விடும் முன்பே லாச்சியைத் திறந்து அந்தக் கடிதத்தை வெளியே எடுங்கள்.