மாமா மேல் தப்பில்லை!

என் மாமனார், ஓய்வு பெற்ற ஆசிரியர். ஐந்து ரூபாய் செலவானாலும் டைரியில் எழுதி வைப்பவர். பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். நடுக்கம் குறைந்தது. ஆனால், சில மாதங்களில் ஆளே மாறி விட்டார். ராத்திரி முழுக்க தூங்காமல், செல்போனில் எதையாவது ஆர்டர் போடுவார். எட்டு டார்ச் லைட், மூன்று மிக்சி! கடைசியில், அத்தையின் வளையலையே அடகு வைத்து விட்டார். 'வயசான காலத்துல புத்தி இப்படியா போகணும்...' என, எல்லாருமாகத் திட்டித் தீர்த்தோம். பாவம், கூனிக் குறுகிப் போனார்.

நரம்பு டாக்டரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் விளக்கிய பிறகு தான் புரிந்தது. மூளையில், 'டோபமைன்' என்ற ரசாயனம் குறைவதால் தான் இந்நோயில் நடுக்கம் வருகிறதாம். மூளையில் அது செய்தி கடத்துவதைக் கண்டறிந்த சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சனுக்கு, 2000ல் நோபல் பரிசு கிடைத்தது. கை, கால் அசைவுக்கு மட்டுமல்ல. 'இது வேணும்' என்ற ஆசைக்கும் அதே டோபமைன் தேவையாம். அதைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சால், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள், சிலருக்கு மனக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி விடுமாம். சூதாட்டம், கண்டதை வாங்குவது, ஓயாமல் தின்பது என ஆரம்பித்து விடுவார்களாம்.

டாக்டர், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறு மாத்திரைக்கு மாற்றினார். சில மாதங்களில் பழைய மாமா திரும்பி விட்டார். மறுபடியும் டைரியில் கணக்கு!

தோழியரே... இம்மாத்திரை சாப்பிடுபவரின் குணம் திடீரென மாறினால், திட்டாதீர்கள். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள், அது ஆபத்து!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி.