பாட்டி சொன்ன பச்சிலை ரகசியம்... உரிமை யாருக்கு? ஜவ்வாது மலை மக்கள் கையில் இருக்கும் சட்டங்கள்!

திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என ஜவ்வாது மலையின் மூன்று ஊராட்சிகள் வருகின்றன. சாமையும் கேழ்வரகும் விளையும் பூமி. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து முன்னோர் மலையேறி வந்தார்கள் என்பது இவர்களிடையே வழங்கும் கதை.

எந்த மண்ணுக்கு எந்த விதை, எந்த மரத்தில் எப்போது தேன் எடுப்பது, எந்தக் காய்ச்சலுக்கு எந்தப் பச்சிலை... எல்லாம் பாட்டி சொல்லி பேத்திக்கு வந்த அறிவு. எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

நாளைக்கே வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார், பாட்டியிடம் பேச்சுக் கொடுக்கிறார், பச்சிலையின் பயனை செல்போனில் பதிவு செய்துகொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில வருடங்கள் கழித்து அதே பச்சிலை மாத்திரையாகக் கடைக்கு வருகிறது. அந்த லாபத்தில் மலைக்குப் பங்கு உண்டா?

மஞ்சளைக் காப்பாற்றிய பழைய புத்தகம்

1995-ல், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி வைத்தியம்தான்! இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்துப் போராடியது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

வெற்றிக்குக் காரணம், பழைய நூல்களும் இதழ்களும்தான். 'எங்களுக்கு இது முன்பே தெரியும்' என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தது. அதன் பிறகு 2001-ல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்நூலகம், ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களில் இருப்பதைத் தொகுத்து, வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

ஆனால், நூலில் ஏறாத பழங்குடி அறிவுக்கு இந்தக் கவசம் பொருந்தாது. சிக்கலே அங்கேதான்.

காணிகளுக்கு என்ன கிடைத்தது?

அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் நடந்த கதை இதற்குப் பாடம். 1987-ல் விஞ்ஞானி புஷ்பாங்கதனின் குழு காட்டுக்குள் நடந்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணி பழங்குடியினர் களைப்பே இல்லாமல் ஏறினார்கள். அவ்வப்போது ஏதோ ஒரு காயை மென்றார்கள். அது என்னவென்று முதலில் சொல்ல மறுத்தவர்கள், பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது.

1990-களின் நடுவில் திருவனந்தபுரத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம், கோவை நிறுவனம் ஒன்றுக்குத் தயாரிப்பு உரிமையைக் கொடுத்தது. 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவிகித ராயல்டி. இதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதற்காக 1997-ல் அறக்கட்டளை தொடங்கி, 1999-ல் சுமார் 5 லட்சம் ரூபாய் கைக்கு வந்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி நிகழ்வு என்று உலகமே பாராட்டியது.

குறைகளும் இருந்தன. ஒப்பந்தத்தில் காணிகள் ஒரு தரப்பு இல்லை. எல்லா காணிக் குழுக்களின் சம்மதமும் பெறப்படவில்லை. போதாக்குறைக்கு, காட்டில் அந்தச் செடியைச் சேகரிக்க வனத்துறையின் தடையும் வந்தது. பங்கு கிடைத்தது, முடிவெடுக்கும் உரிமை கிடைக்கவில்லை.

பெயரைக் காப்பாற்றிய தோடர்கள்

நீலகிரி தோடர்கள் வேறு வழியில் போனார்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு, சிவப்பு நூலால் அவர்கள் போடும் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி வேறு யாரும் 'தோடா எம்பிராய்டரி' என்ற பெயரில் போலியை விற்றால் சட்டப்படி தடுக்கலாம். 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால், இது பெயருக்கான காவல்தான். அதே டிசைனை மெஷினில் போட்டு வேறு பெயரில் விற்பவரை இதை வைத்துப் பிடிப்பது கடினம்.

மலை மக்களுக்கு எந்தச் சட்டம் உதவும்?

* வன உரிமைச் சட்டம், 2006: வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் பட்டா தரும் சட்டமாகவே பலருக்கும் இது தெரியும். ஆனால், பல்லுயிர் வளம் சார்ந்த பாரம்பரிய அறிவின் மீது சமூகத்துக்குள்ள அறிவுசார் சொத்துரிமையையும் பிரிவு 3(1)(ட்) அல்ல, ஆங்கில எழுத்து வரிசையில் 'கே' உட்பிரிவு அங்கீகரிக்கிறது. கிராம சபை வழியாகக் கோரலாம்.

* பல்லுயிர்ச் சட்டம், 2002: ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். இந்திய உயிர்வளத்தையும் அது சார்ந்த அறிவையும் வைத்துக் காப்புரிமை கேட்பவர்கள் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் வந்தாக வேண்டும்.

* காப்புரிமைச் சட்டம்: பாரம்பரிய அறிவுக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது. ஒரு சமூகத்துக்கு வாய்மொழியாகத் தெரிந்திருந்தாலே போதும், அதைச் சொல்லி ஆட்சேபிக்கலாம்.

* பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், 2001: காலம் காலமாகக் காத்துவரும் சாமை போன்ற பயிர் ரகங்களை விவசாயிகள் கட்டணமின்றிப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம்.

உலக அளவிலும் மாற்றம் வருகிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பு 2024 மே மாதம் ஒரு ஒப்பந்தத்தை ஏற்றது. மரபு வளத்தை வைத்துக் காப்புரிமை கேட்பவர், அது எந்த நாட்டிலிருந்து வந்தது, அறிவைத் தந்த பழங்குடியினர் யார் என்று சொல்ல வேண்டும் என்கிறது அந்த ஒப்பந்தம்.

எழுதினாலும் ஆபத்து, எழுதாவிட்டாலும் ஆபத்து!

எழுதி வைக்காவிட்டால் ஆதாரம் இல்லை. எழுதியதை எல்லோருக்கும் திறந்து வைத்தால், திருடுபவருக்கு நாமே வழிகாட்டியது போலாகிவிடும். அதனால், பதிவேட்டில் எதை எழுதுவது, எதை மலைக்குள்ளேயே வைத்துக்கொள்வது, யாருக்குக் காட்டுவது என்பதை ஊர் கூடித் தீர்மானிக்க வேண்டும்.

அதற்கான இடம் கிராம சபை. அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நம் ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேடு எங்கே? அதில் நம் வைத்தியர்களைக் கேட்டு எழுதினார்களா? ஆராய்ச்சி என்று வருபவர் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

மலைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பாட்டி சொல்லும் மருந்தை வீடியோ எடுத்துப் போடுவதற்கு முன்னால், 'போடலாமா பாட்டி?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.