எஞ்சினின் மூச்சுக் குழாய்

மதனப்பள்ளியிலிருந்து நமது குப்பம் வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் 42ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தக்காளியும் காய்கறியும் ஏற்றிச் செல்லும் டீசல் பிக்கப் வண்டிகளை நாள்தோறும் காண்கிறோம். அத்தகைய வண்டியொன்றைக் கடனுக்கு வாங்கிக் குடும்பம் நடத்தும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. "பிரீதர் குழாயைக் கழற்றிக் கீழே தொங்கவிடு; எஞ்சின் சுத்தமாக இருக்கும்" என்று பட்டறைகளில் சிலர் கூறும் யோசனை அவர்களுக்கு நன்மை தருமா என்பதை ஆராய்வோம்.

எஞ்சினுள் டீசல் எரியும்போது எழும் வாயுவில் ஒரு சிறு பகுதி, பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியே கீழிறங்கிக் கிராங்க்கேஸில் சேர்கின்றது. அதற்கு வெளியேற வழியில்லையேல் அழுத்தம் மிகுந்து, ஆயில் சீல்கள் கசியும். ஆகவேதான் மூச்சுக் குழாய் அமைத்துள்ளனர். முற்காலத்தில் அக்குழாய் சாலையை நோக்கித் திறந்தே கிடந்தது. காற்று மாசினால் வருந்திய கலிபோர்னியாவில், 1961ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் அவ்வாயுவை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே செலுத்தி எரிக்கும் முறை வந்தது. இன்றைய பிக்கப் வண்டிகளிலும் ஆயிலைப் பிரித்தெடுத்தபின், வாயுவை டர்போவுக்கு முன்னுள்ள காற்றுக் குழாயில் சேர்க்கின்றனர்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. வாயுவுடன் செல்லும் ஆயில் துளிகள் டர்போவிலும் இன்டர்கூலரிலும் படிகின்றன. இதைக் கண்டே பலர் குழாயைக் கழற்றத் துணிகின்றனர். ஆனால் கழற்றிய குழாயின் புகை, ஓட்டுநரின் அறைக்குள் புகக்கூடும். டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்துள்ளது. காற்று மாசு வரம்பை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி குற்றமுமாகும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, நோயை அறிதல். எஞ்சின் ஓடும்போது பிரீதர் வழியே புகை மிகுதியாக வருமாயின், தேய்ந்த ரிங்கோ பழுதுற்ற டர்போவோ காரணமாக இருக்கலாம். கம்ப்ரஷன் சோதனை செய்து பார்த்தல் நலம். குழாயைக் கழற்றுவதால் தேய்மானம் தீராது. அதன் அடையாளமே மறையும். இரண்டாவது, ஆயிலைப் பிரிக்கும் பகுதியையும் குழாயையும் உரிய காலத்தில் சுத்தம் செய்தல். மூன்றாவது, ஆயில் பிடிக்கும் டப்பா பொருத்த விரும்புவோர், வாரண்டி பாதிக்குமா என முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். டப்பாவிலிருந்து வரும் வாயு மீண்டும் காற்றுக் குழாய்க்கே செல்லவேண்டும். குழாய் ஆயில் தாங்குவதாகவும், மடிப்பின்றியும் இருத்தல் வேண்டும்.

டப்பாவைக் காலத்தில் காலி செய்தல் மிக முக்கியம். அது நிரம்பி வழிந்தால் ஆயில் எஞ்சினுக்குள் பாய்ந்துவிடும். டீசல் எஞ்சினுக்கு அந்த ஆயிலே எரிபொருளாகும். சாவியைத் திருப்பினாலும் அது நில்லாது, வேகமேறித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அந்நிலையில், கியர் வண்டியாயின், உயர்ந்த கியரிலிட்டுப் பிரேக்கை முழுதும் அழுத்திக் கிளட்சை விட்டு எஞ்சினை நிறுத்த முயலலாம். காற்றுக் குழாயின் வாயைக் கையால் மூட முற்படலாகாது.

எக்காரணம் கொண்டும் மூச்சுக் குழாயை அடைக்காதீர்கள்; திறந்தும் விடாதீர்கள். கடன் தவணை முடியும்வரை எஞ்சின் உழைக்கவேண்டும். அதை ஓட்டுபவர் அதற்குப் பின்னும் நலமாக வாழவேண்டும்.