பன்றிக்கு ஊசி, முயலுக்கு விடுதலை
பன்றிக் காய்ச்சலை நாட்டைவிட்டே விரட்ட மத்திய அரசு திட்டம் வைத்திருக்கிறது. நிகோபார் தோப்புகளில் அது சுலபமல்ல.

கார் நிகோபாரில் ஒரு குடும்பத்தின் வசதியை அறிய வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. பன்றிகளை எண்ணினால் போதும். பகலில் தென்னந்தோப்புகளில் மேயும் அவை, வளர்ப்பவர் குரல் கொடுத்ததும் தேங்காய் தின்ன ஓடிவரும். முன்னோர் நினைவாக நடக்கும் பன்றித் திருவிழாவில் இளைஞர்கள் அவற்றோடு மல்லுக்கு நிற்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி பன்றிகளையும் வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவற்றை வைத்துத்தான் மந்தைகளை மறுபடி பெருக்க வேண்டியிருந்தது.

அங்கே பன்றிக் காய்ச்சல் பரவினால்? (2009ல் மனிதர்களை மிரட்டியது வேறு, இது மனிதரைத் தொற்றாது.) கடுமையாகத் தாக்கினால் பன்றி சுருண்டு படுத்து, தோல் நீலம் பாரித்து, ஓரிரு வாரங்களில் சாகும். சில பன்றிகள் வெளியே தெரியாமல் வைரஸைப் பரப்பிக்கொண்டே திரியும். கடல் அரணாக இருக்கும் என்று நம்புவதற்கில்லை. கப்பலில் வரும் இறைச்சியின் மிச்சம் பன்றித் தீவனத்தில் விழுந்தாலே போதும்.

சிகிச்சை கிடையாது, தடுப்பூசி உண்டு. பிரிட்டனிலிருந்து வந்த வெய்பிரிட்ஜ் வைரஸை முயல்களில் வளர்த்து 1964 முதல் ஊசி தயாரித்தார்கள். ஒரு முயலைக் கொன்று அதன் மண்ணீரலை எடுத்தால் சுமார் 50 டோஸ். ஆண்டுக்கு 2.2 கோடி டோஸ் தேவைப்பட்ட நாட்டில் தயாரானது 12 லட்சம்தான். எத்தனை முயல்களைத்தான் கொல்வது? இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் வைரஸை ஆய்வுக்கூடச் செல்களில் வளர்த்து உருவாக்கிய ஊசி 2020ல் வெளியானது. விலை டோஸுக்கு 2 ரூபாய்க்கும் குறைவு. பழையது 15 முதல் 20 ரூபாய்.

நாட்டின் எல்லாப் பன்றிகளுக்கும் ஊசி போடுவது திட்டம். செலவு முழுக்க மத்திய அரசுடையது. 2019 கணக்குப்படி பன்றிகள் சுமார் 90 லட்சம். ஆனால் ஊசி பாதி வேலைதான். அமெரிக்கா 1962ல் தொடங்கி 1978ல் நோயை ஒழித்தபோது, கடைசிக் கட்டத்தில் ஊசியையே நிறுத்திவிட்டு, நோய் கண்ட மந்தைகளைக் கொன்று நஷ்டஈடு கொடுத்தது. காரணம் உண்டு: ஊசியால் வந்த எதிர்ப்பாற்றலா, நோயால் வந்ததா என்று ரத்தப் பரிசோதனையில் பிரித்தறிவது கடினம். முன்னோருக்கென வளர்க்கும் பன்றிக்கு நிகோபாரில் யார், என்ன விலை போடுவது?

இன்னொரு தொல்லை 2020ல் அசாமில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றேதான். இந்த ஊசி அதற்குப் பலிக்காது. ஊசி போட்ட பன்றி அந்த நோயில் செத்தால் பழி ஊசிமீதுதான் விழும். எது எந்த நோய் என்று சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருப்பதோ போபாலில்.

அதற்கெல்லாம் முன்பு பன்றியைப் பிடித்தாக வேண்டும். ஐஸ் பெட்டியோடு வரும் ஊசிக்காரர் கிராமத் தலைவரான ‘கேப்டனிடம்’ பேசிச் சம்மதம் வாங்கினாலும், பன்றி வரப்போவது வளர்த்தவரின் குரலுக்குத்தான். அதுவும் தேங்காய் உடைக்கும் நேரத்தில்.