அந்த ஒரு மீட்டர் யாருக்கு?

பினாங்குத் தீவில், சுங்கை பினாங் ஆறு கடலில் கலக்கும் பகுதிக்கு அருகே கர்ப்பால் சிங்கின் பெயரைத் தாங்கிய கடலோரச் சாலை ஒன்று உள்ளது. ஜார்ஜ்டவுனில் பிறந்த வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான அவர், 2005ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்திற்குப் பின் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தினார். ஆயினும், 2014இல் மறையும்வரை நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அவருடைய குரல் ஓயவில்லை. அவரைப் போன்ற ஒருவர் பணிக்குச் செல்ல வேண்டுமானால், முதலில் வாகனத்தைவிட்டு இறங்குவதற்கு இடம் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்துமிடம் நுழைவாயிலுக்கு அருகில் இருப்பதைப் பலரும் கவனித்திருப்பர். அதன் அகலத்தைக் கவனிப்போர் குறைவு. அது சாதாரண நிறுத்துமிடத்தைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமானது. கார்க் கதவை முழுமையாகத் திறந்து, சக்கர நாற்காலியை இருக்கையின் பக்கத்தில் நிறுத்தி, உடலை மெல்ல அதற்கு மாற்றிக்கொள்ள அந்த இடைவெளி தேவை. அது கிடைக்காவிட்டால், நிறுத்துமிடத்தில் வேறு இடங்கள் காலியாக இருந்தாலும் அவரால் இறங்க முடியாது. மருத்துவரைக் காண வந்தவர் காணாமலேயே வீடு திரும்ப நேரிடும்.

“ஐந்து நிமிடம்தானே!” என்று கூறி அங்குக் காரை நிறுத்துவோர் உள்ளனர். அந்த ஐந்து நிமிடத்தில்தான் உரியவர் வந்து சேரக்கூடும். காலி இடைவெளியில் மோட்டார்சைக்கிளையோ பேரங்காடித் தள்ளுவண்டியையோ விட்டுச் செல்வதும் தவறே. கார் நிற்கும் வேளையில் கதவைத் திறக்க இயலாதவாறு அது தடுத்துவிடும்.

அப்படியானால், அவ்விடத்தை யார் பயன்படுத்தலாம்? மாற்றுத்திறனாளி தாமே காரை ஓட்டி வரும்போது பயன்படுத்தலாம். குடும்பத்தினரோ நண்பரோ அவரை ஏற்றி வரும்போதும் பயன்படுத்தலாம். ஆனால், அவர் வீட்டில் இருக்க, அவருக்குரிய ஒட்டுவில்லையைக் காட்டி மற்றவர் அவ்விடத்தில் காரை நிறுத்துவது முறையன்று. அந்தச் சலுகை காருக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது.

இன்னொன்றையும் மறத்தல் ஆகாது. 1968ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த சுசான் கோஃபோட் என்னும் மாணவி வரைந்த சக்கர நாற்காலி வடிவமே, பின்னர் உலகெங்கும் காணப்படும் சின்னமாக உருப்பெற்றது. எனினும், அச்சின்னம் சக்கர நாற்காலியில் வருவோரை மட்டும் குறிப்பதன்று. செயற்கைக் கால் பொருத்தியவர் நடந்தே செல்லலாம். அதனால் அவருக்குக் குறை இல்லை என்று பொருளாகாது. ஆகவே, தோற்றத்தை மட்டும் கண்டு ஒருவரைக் கடிந்துகொள்வதும் தவறாக முடியலாம்.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொது வசதிகளையும் கட்டடங்களையும் மற்றவரைப் போலவே பயன்படுத்தும் உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்குகிறது. அவ்வுரிமை ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. தரையில் நீல வண்ணம் பூசுவது சில மணி நேர வேலை. அந்த இடத்தை உரியவர் வரும்வரை காலியாக விட்டுவைப்பதோ ஒவ்வொரு வாகனமோட்டியும் நாள்தோறும் ஆற்ற வேண்டிய கடமையாகும்.