அலமாரிச் சாவி யாரிடம்?

"பள்ளிக்கூடத்து லைப்ரரியன் உத்தியோகமா? அதற்கென்ன, மின்விசிறிக்கு அடியில் நாற்காலி, சுற்றிலும் புத்தகம், நாலரை மணிக்கு வீடு!" என்று பலர் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெண்களுக்கு ஏற்ற சுகமான வேலை என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு.

சுகமாக நடத்தவும் முடியும்தான். அலமாரிகளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் ஒரு புத்தகம் தொலையாது. ஒரு பக்கம் கிழியாது. ஆண்டு இறுதியில் கணக்குப் பார்க்க வருகிறவரும் மெச்சிவிட்டுப் போவார். நஷ்டமெல்லாம் வீட்டில் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகமே காணாத குழந்தைக்குத்தான். பள்ளிக்கூடத்திலும் பூட்டு என்றால் அது எங்கே போகும்?

இந்த உத்தியோகத்தின் பெருமையை நாட்டுக்கு உணர்த்தியவரே, முதலில் அதைக் கண்டு ஓடப் பார்த்தவர்தான் என்றால் நம்புவீர்களா? அவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். நாள் முழுதும் மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு அந்தத் தனிமை சிறைவாசமாக இருந்தது. சில நாட்களிலேயே பழைய கல்லூரிக்குப் போய், "என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முறையிட்டார். "லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் பார்ப்போம்" என்று பதில் வந்தது.

முப்பத்திரண்டாவது வயதில், ஆசிரியர் மறுபடியும் மாணவரானார். லண்டனில் நூலகப் படிப்புப் படித்தார்; பல நூல் நிலையங்களை நேரில் சுற்றிப் பார்த்தார். ஊர் திரும்பிய பிறகு கணித வகுப்பின் ஞாபகமே அவருக்கு வரவில்லை! சுமார் இருபது ஆண்டுகள் அந்த நூல் நிலையமே கதியென்று உழைத்தார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை இன்றும் உலகெங்கும் நூலக மாணவர்கள் படிக்கிறார்கள். புத்தகம் பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற வாசகர் உண்டு, வாசகரின் நேரத்தை வீணாக்காதே, நூல் நிலையம் வளரும் உயிர். முதல் விதி ஒன்று போதும், இடுப்புச் சாவியைக் கீழே வைப்பதற்கு.

ஐந்தாவது விதியில்தான் லைப்ரரியனுக்கு வேலை இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "மிஸ், பாம்புக்குக் காது கேட்குமா?" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "தெரியாது, போ" என்றால் அவன் இனி வரமாட்டான். டூயி என்ற அமெரிக்கர் 1876-ல் வெளியிட்ட எண் முறை கைவசம் இருந்தால் அவனை நேரே 597-ம் எண் தட்டுக்கு அழைத்துப் போகலாம். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. ஆனால் உட்காது உண்டு, தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணர்கிறது என்பதை இருவரும் சேர்ந்தே படிக்கலாம். அன்றைக்கு அவனும் ஒன்று கற்றான். மிஸ்ஸும் ஒன்று கற்றாள். நாளை இன்னொருத்தி நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்பாள், அதற்கு 523. சமையல் எங்கே என்று கேட்கிறீர்களா? 641.5!

கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். கிடைப்பதில் எது மெய், எது பொய் என்று தரம் பிரிக்க யார் சொல்லித் தருவது? அந்தப் பொறுப்பும் இப்போது லைப்ரரியனைச் சேர்ந்ததுதான். பதிவேடும் கணினிக்குப் போய்விட்டது. நியூஸிலாந்தில் பிறந்து, 2000-ம் ஆண்டு முதல் உலகுக்கு இலவசமாகக் கிடைக்கும் 'கோஹா' போன்ற மென்பொருளை நாற்பது வயதுக்கு மேலும் உட்கார்ந்து பழகத்தான் வேண்டும்.

இதற்கான படிப்பும் எட்டாத தூரத்தில் இல்லை. ஏதாவதொரு பட்டம் பெற்றவர்கள் ஓராண்டு நூலக அறிவியல் பட்டப் படிப்பில் சேரலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மூலம் வீட்டிலிருந்தபடியே படிக்கவும் வழி உண்டு. அரசாங்க வேலைகளுக்கு வயது வரம்பு இருக்கும். விளம்பரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. கல்யாணத்தோடு டிரங்குப் பெட்டிக்குள் போன பட்டத்தை வெளியே எடுக்க விரும்பும் சகோதரிகள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

வேலைக்குப் போகும் உத்தேசம் இல்லையா? பாதகமில்லை. அடுத்த முறை குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, மார்க்கைப் பற்றி விசாரித்த பிறகு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "லைப்ரரி அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது?"