குழந்தை முகத்தில் சிவப்பு மச்சம்... 'தானா மறைஞ்சிடும்'னு காத்திருக்கலாமா? பிரஷர் மாத்திரை மருந்தான கதை!

பிறக்கும்போது முகத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது வாரம் கன்னத்தில் கொசு கடித்தது போல ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்த சில வாரங்களில் அதுவே புடைத்து, கோவைப்பழம் மாதிரி ஆகிவிடுகிறது. பதறிப்போகும் பெற்றோருக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல், "அதெல்லாம் தானா மறைஞ்சிடும்".

பாதி உண்மைதான். மீதிப் பாதியில்தான் சிக்கல்.

இது என்ன மச்சம்?

உண்மையில் இது மச்சமே இல்லை. ரத்தக்குழாய் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதால் வரும் கட்டி. டாக்டர்கள் ஹெமாஞ்சியோமா என்பார்கள். 100 குழந்தைகளில் சுமார் 4, 5 பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகள், குறைப்பிரசவத்தில் பிறந்தவர்கள், எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் அதிகம். புற்றுநோய் அல்ல, அந்தப் பயம் வேண்டாம்.

முதல் சில மாதங்களில் கிடுகிடுவென வளரும். பிறகு மெதுவாகச் சுருங்கும். பெரும்பாலானவை 4 வயதுக்குள் வடிந்துவிடும். முதுகிலோ தொடையிலோ சின்னதாக இருந்தால் காத்திருப்பதில் தப்பில்லை. ஆனால் கண் இமையில் வந்தால் பார்வையைக் கெடுக்கலாம். மூக்கு, உதட்டில் வந்தால் கட்டி போனாலும் அந்த இடத்தின் வடிவம் மாறியே இருக்கலாம். சில கட்டிகள் புண்ணாகி, குழந்தை வலியில் வீறிட்டு அழும்.

தோல் டாக்டரிடம் போனால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஏன் அனுப்புகிறார்கள்?

ஆண்களுக்குத் தாடி வளரும் இடம் இருக்கிறதல்லவா? தாடை, கீழுதடு, கழுத்தின் முன்பக்கம். அங்கே இந்தக் கட்டி படர்ந்திருந்தால் தொண்டைக்குள்ளும், குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயில், இன்னொன்று ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. வெளியே தெரியாது. மூச்சை இழுக்கும்போது கரகரவென ஒரு சத்தம், அவ்வளவுதான். சளி, தொண்டை வீக்கம் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் தற்காலிகமாகக் குறையவும் செய்யும். மறுபடி வரும்போதுதான் சந்தேகமே எழும். சிறு கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

தற்செயலாகக் கிடைத்த மருந்து

முன்பெல்லாம் இதற்கு ஸ்டீராய்டுதான் முக்கிய சிகிச்சை. பிரான்ஸின் போர்டோ நகரில், மூக்கில் கட்டியுடன் இருந்த ஒரு குழந்தைக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். சிகிச்சையின்போது இதயத் தசை தடித்துவிட்டது. இதயத்துக்காக ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். பிரஷருக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பார்களே, அதே பழைய மருந்துதான்.

மறுநாளே கட்டியின் நிறம் மாறியிருந்தது. கடும் சிவப்பு ஊதாவாகி, தொட்டால் மெத்தென்றிருந்தது. தோல் மருத்துவர் கிறிஸ்டின் லியோட்டே-லாப்ரேஸ் குழுவினர் இதைத் தற்செயல் என்று தள்ளிவிடவில்லை. இதயப் பிரச்சனைக்காக அதே மருந்தைப் பெற்ற இன்னொரு குழந்தைக்கும் கட்டி சுருங்கியது. பெற்றோரின் சம்மதத்துடன் மேலும் 9 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 2008-ல் வெளியான அந்தக் குறிப்பு, கடிதம் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் குரல்வளைக் கட்டியோடு போராடிக்கொண்டிருந்த காது மூக்கு தொண்டை டாக்டர்களும் சீக்கிரமே இதைக் கையில் எடுத்தார்கள்.

சரி, தானாக வடியும் கட்டிதானே, மருந்தால்தான் வடிந்தது என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. அதற்காகத்தான் 460 பச்சிளம் குழந்தைகளிடம் பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத போலி திரவம். யாருக்கு எது போகிறது என்பது டாக்டர்களுக்கும் தெரியாது. எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் தினமும் 6 மாதம் குடித்தவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகவோ, கிட்டத்தட்ட முழுதாகவோ மறைந்தது. போலி திரவம் குடித்தவர்களில்? வெறும் 4 சதவீதம். 2014-ல் அமெரிக்கா இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. முடிவுகள் 2015-ல் முழுதாக வெளியாயின.

அப்படியென்றால் தாத்தாவின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது! குழந்தைக்குச் சர்க்கரை அளவு திடீரென இறங்கலாம், இதயத் துடிப்பு குறையலாம், இழுப்பு வரலாம். அதனால்தான் முதல் டோஸ்களை டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். பால் குடிக்கும் நேரத்தோடு சேர்த்துத்தான் மருந்து. குழந்தை பால் குடிக்கவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேச வேண்டும். மருந்தை நிறுத்திய பிறகு சிலருக்குக் கட்டி மீண்டும் தலைகாட்டும், அப்போது மறுபடி தொடங்குவார்கள்.

பிறக்கும்போதே தட்டையாக, ஒயின் நிறத்தில் இருக்கும் தழும்பு வேறு வகை. அதற்கு இந்த மருந்து கேட்காது.

எப்போது டாக்டரிடம் போவது?

முகத்தில், தாடிப் பகுதியில், கண் அருகில் இருந்தாலோ, வேகமாகப் பெரிதானாலோ குழந்தைக்கு ஒரு மாதம் ஆவதற்குள் காட்டிவிட வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதல். மூச்சில் சத்தம் கேட்டால் அந்த ஒரு மாதம்கூட வேண்டாம், அன்றே கிளம்புங்கள். மற்றபடி வாரம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று டாக்டருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும்.